முயலகனின் காதில் ஒரு பென்சில்

தெற்குப் பக்கத்துச் சாரத்தில், தரையிலிருந்து ஐந்தாவது தட்டில், ஒரு கையால் சவுக்குக் கம்பையும் இன்னொரு கையால் சேலைக் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் என் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா இறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் தட்சிணாமூர்த்தியின் வலது காலுக்கு அடியில் குப்புறக் கிடந்தார். தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே சப்பை மூக்கு. மூக்கின் இடது ஓரத்தில் அதே மரு. உதட்டை மறைக்காமல் ஒட்டக் கத்தரித்த அதே மீசை. வலது காதின் மேல் செருகிய பென்சில்.

அதுவரை என் கவலையெல்லாம் முழங்கால் வலியைப் பற்றித்தான். விழுந்துவிடுவேனோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன டீச்சர், தலை சுத்துதா?” என்றார் வேலாயுதம். சுண்ணாம்பில் உருவம் செய்கிற சுதை வேலையை எடுத்திருந்தவர் அவர்தான். “கீழ பாக்காதீங்க. சாமியப் பாருங்க.”

சாமியைப் பார்த்ததால்தான் தலை சுற்றுகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நம்ம கோயில்

சங்கரன்கோவிலில் கோயில் என்று சொன்னால் அது பெரிய கோயில்தான். ஆடித்தபசுக்கு வருகிற கூட்டமும், புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற கூட்டமும் அதற்கு உரியது. எங்கள் தெருவில் இருக்கிற சின்னச் சிவன் கோயிலுக்கு ஊரில் பெயரே இல்லை. எங்களுக்கு அது ‘நம்ம கோயில்’. வாசலில் கோபுரம் கிடையாது. கருவறைக்கு மேலே இரண்டு நிலையில் ஒரு விமானம் மட்டும் உண்டு.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடமுழுக்கு என்பது முறை. நம்ம கோயில் அந்த முறையைப் பல தடவை கோட்டைவிட்டது. நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது ஒன்று நடந்தது. நடுவில் ஒருமுறை பேருக்கு வர்ணம் அடித்தார்கள். அதற்குப் பிறகு இப்போதுதான், நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வும் பெற்ற பிறகு, சாரம் ஏறியிருக்கிறது.

என்னைத் திருப்பணிக் கமிட்டியில் சேர்த்தது கோலம் போடுகிற பொறுப்பையும் விளக்குப் பூஜைப் பொறுப்பையும் என் தலையில் தள்ளிவிடுவதற்காக. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறுவேன் என்று யாரும் நினைக்கவில்லை. தலைவர் சண்முகம் அண்ணாச்சி, “டீச்சர், கீழேருந்தே பாக்கலாமே” என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது நான் இரண்டாவது தட்டில் இருந்தேன்.

ஏறும்போது வேலாயுதம் பேசிக்கொண்டே வந்தார். விமானம் என்பது ஓர் ஆள் நிற்கிற மாதிரி என்றார். அடியில் பாதம், சுவர் உடம்பு, அதற்கு மேல் தோள், தோளுக்கு மேல் ஒடுங்கி உள்ளே போவது கழுத்து, உருண்டு நிற்பது தலை, கலசம் குடுமி. கழுத்தில் நாலு திசைக்கும் நாலு மாடம். தெற்கு மாடத்தில் தட்சிணாமூர்த்திதான் உட்கார வேண்டும். அதை யாரும் மாற்ற முடியாது.

“மேல போகப் போக உருவமெல்லாம் லேசா முன்னால குனிஞ்சிருக்கும், பாத்தீங்களா? கீழ நிக்கவனுக்கு மூஞ்சி தெரியணும்லா. அதுக்குத்தான்.”

“காலுக்கடியில் கிடக்கிறவன்?”

“முயலகனா? அவனைத் தோள் விளிம்பு மறைச்சிரும். அவன் மூஞ்சி சாரத்துல ஏறுதவனுக்கு மட்டுந்தான் தெரியும்.”

இப்படி அவர் சொல்லி முடித்த அடுத்த நிமிஷத்தில்தான் நான் உட்கார்ந்தேன்.

பச்சைப் பென்சில்

அப்பாவுக்கு ராஜபாளையம் ரோட்டில் மரக்கடை. அளந்து கோடு போடுவதற்கு ஒரு சிவப்புப் பட்டைப் பென்சிலை எந்நேரமும் காதில் செருகியிருப்பார். சாப்பிடும்போதும் எடுக்க மாட்டார். கல்யாண வீட்டில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பென்சிலோடு பந்தியில் உட்கார்ந்து அம்மாவிடம் கண்ணால் வாங்கிக் கட்டிக்கொண்ட நாள் உண்டு. ஊரில் அவருக்குப் பெயரே ‘பென்சில் அண்ணாச்சி’.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது நடந்த திருப்பணிக்கு அவர்தான் செயலாளர். கட்டளையெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

மனசு எப்போதும் ஒரு சாக்கைத் தேடும். எனக்கும் அப்படித்தான். ஏதோ ஒரு சாயல், சுண்ணாம்பு பெயர்ந்து அப்படித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டேன். முயலகனின் கையில் பாம்பு இருக்கும், காதருகே வந்தது அதன் வாலாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். முன்பு வர்ணம் அடித்தவர் பாம்போடு சேர்த்துப் பென்சிலுக்கும் பச்சை அடித்துவிட்டுப் போயிருந்தார்.

விரல் நகத்தால் சுரண்டினேன். பச்சை உதிர்ந்தது. உள்ளே சிவப்பு. இன்னும் சுரண்டினேன். மரம்!

அது சுதையில் செய்த பென்சில் இல்லை. உண்மையான பென்சில். பாதி சுண்ணாம்புக்குள் புதைந்து, பாதி காதுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் கரி கூட இருந்தது. என் விரலில் கறுப்பாக ஒட்டியது.

சாயலுக்குச் சாக்குச் சொல்லலாம், விரலில் ஒட்டிய கரிக்கு என்ன சொல்வது?

“இதை யார் செய்தது?” என்று கேட்டேன்.

வேலாயுதம் கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “பெரிய உருவமெல்லாம் வெளியூர்ச் சுதைக்காரர் செஞ்சாரு. இந்த மாதிரிச் சின்ன உருப்படியைச் சுண்ணாம்பு அரைச்சவங்க கையில குடுத்துட்டாரு. இது எங்க அம்மா செஞ்சது.”

“உங்க அம்மாவா? யாரு?”

“இங்கன சுண்ணாம்பு அரைச்சாளே.”

“பேச்சியா? நீங்க பேச்சி மகனா?”

“பேச்சியம்மாள் மகன்,” என்றார். குரலை உயர்த்தவில்லை. முகமும் மாறவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வயதில் நான் அந்த அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். தெருவில் இருந்த குழந்தைகள் எல்லோருமே அப்படித்தான். ஐம்பத்தெட்டு வயதில், பேரன் எடுத்த பிறகும், அந்த மகன் முன்னாலேயே அதே மாதிரி வாயில் வந்துவிட்டது. இனி பேச்சியம்மாள் என்றே எழுதுகிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து தட்டு உயரம் தேவைப்பட்டிருக்கிறது.

நேற்று வரை கட்டடம்

வாசகர்களுக்கு ஒரு முறையைச் சொல்ல வேண்டும். திருப்பணி தொடங்கும் முன் சாமியின் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, ஓரமாக ஒரு கொட்டகையில், பலகையில் எழுதிய படத்தில் குடியேற்றிவிடுவார்கள். இதற்குப் பாலாலயம் என்று பெயர். அன்றிலிருந்து குடமுழுக்கு நாள் வரைக்கும் விமானம் வெறும் செங்கல், சுண்ணாம்பு. வேலையாட்கள் சாமியின் தோளில் கால் வைத்து ஏறலாம். மடியில் சட்டியை வைக்கலாம். குடமுழுக்கு நீர் கலசத்தில் விழுந்த பிறகு அது மறுபடியும் கோயில்.

அப்பா செயலாளராக இருந்த அந்தத் திருப்பணியில் பேச்சியம்மாள் ஏறக்குறைய ஒரு வருஷம் சுண்ணாம்பு அரைத்தார். கடுக்காய் ஊறல் தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டு, வெண்ணெய் மாதிரி வரும் வரை அரைக்க வேண்டும். கோயிலைச் சுற்றி அந்தக் கருப்பட்டி வாசனை எப்போதும் இருக்கும். பிறகு சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்தான் கழுத்து வரை ஏறுவார். கைப்பிள்ளைக்கு அந்தச் சாரத்துக் கம்பிலேயே தொட்டில். தொட்டிலில் கிடந்தது இந்த வேலாயுதம்தான்.

பேச்சியம்மாள் இருந்தது ஊருக்குக் கிழக்கே. தெருவின் பெயரைச் சொன்னாலே சொல்ல வேண்டியது எல்லாம் சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால் சொல்லவில்லை.

வேலை முடிகிற சமயம், நானும் அங்கே நின்றிருந்தேன், பேச்சியம்மாள் அப்பாவிடம் கேட்டார்.

“அய்யா, முழுக்கு அன்னைக்கு நானும் மேல ஏறி ஒரு செம்பு தண்ணி ஊத்திக்கிடட்டா?”

அப்பா காதிலிருந்து பென்சிலை எடுத்து விமானத்தைக் காட்டினார். “நேத்து வரைக்கும் இது கட்டடம். இன்னும் பத்து நாளைக்கும் கட்டடம். எத்தனை தடவை வேணும்னாலும் ஏறிக்கோ. அதுக்கப்புறம் இது கோயிலு. அன்னைக்கு நீ வாசலோட நின்னுக்கோ.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவ்வளவு கச்சிதமான பேச்சு என்று எங்கள் வீட்டில் இந்த வசனத்தை விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டுவோம். வரையறை என்றால் என்ன என்று பாடம் எடுக்கும்போது நான் வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். ‘ஒரே செங்கல்தான் பிள்ளைகளா, ஒரு நாள் கட்டடம், மறுநாள் கோயில்.’ பேச்சியம்மாளை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். விட்டுவிட்டுச் சொன்னேன் என்பதே அன்று சாரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அப்பாவின் மானம்தான். மறுநாள் காலை சண்முகம் அண்ணாச்சியும் கமிட்டிக்காரர்களும் ஏறப் போகிறார்கள். எல்லோர் கையிலும் போன். ஒருவர் படம் எடுத்தால் போதும், மத்தியானத்துக்குள் திருவேங்கடம் ஊர் வரைக்கும் போய்விடும்.

“வேலாயுதம், அந்த முகம் சரியில்லை. நாளைக்கு அவங்க வாரதுக்குள்ள கொத்திட்டு வேற வச்சிருங்க,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். யாருடைய முகம் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்துவிட்டது.

“சரி டீச்சர். காலைல ஏழு மணிக்குக் கொத்திருதேன். அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அவ கை வேலைல்லா.”

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

அம்மா கேட்ட கேள்வி

அம்மாவுக்கு எண்பத்துநாலு வயது. காது நன்றாகக் கேட்கும். கண்ணும் பரவாயில்லை. முட்டிதான் போய்விட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இதை அவளிடம் சொல்லவே கூடாது என்று தெரு முழுக்கத் தீர்மானம் செய்துகொண்டுதான் வந்தேன்.

“ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? தெக்குப் பக்கம் ஏறினியா?”

நான் தெற்கு என்று சொல்லவே இல்லை.

“ஆமா.”

“கழுத்து வரைக்குமா?”

“ஆமாம்மா.”

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். “இருக்காராட்டி?”

சுவரைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? பென்சிலு நான்தான குடுத்தேன்.”

இதன் முன்னால் சாரத்தில் எனக்கு வந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை. என் அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அவர் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள். அவர் படத்துக்கு இன்றைக்கும் செவ்வாய், வெள்ளி பூ வைக்கிறவள். அந்த வாயிலிருந்து இது வந்தது.

“பேச்சி புறவாசல்ல வந்து நின்னா. அழலை. ‘அம்மா, ஒரு மூஞ்சி வைக்கேன், சரியா வர மாட்டேங்கு’ன்னா. யாரு மூஞ்சின்னு நான் கேக்கலை, அவளும் சொல்லலை. மூக்கு எப்படி, மீசை எப்படின்னு கேட்டா, சொன்னேன். மறுநாளும் வந்தா. ‘எல்லாம் வந்துட்டு, ஆளு சாடைதான் வரலை’ன்னா. உங்கப்பா குளிக்கப் போயிருந்தாரு. பழைய பென்சிலுத் துண்டு ஒண்ணு கிடந்துச்சு. எடுத்துக் குடுத்தேன்.”

“ஏம்மா? ஏன் இப்படிச் செஞ்சே?”

“நானும் கேட்டேன்ட்டி. ஒரு தடவை சாரத்துல ஏறிப் பாக்கணும்னு கேட்டேன். ‘பொம்பளைக்கு அங்கன என்ன சோலி’ன்னாரு. பேச்சி ஏறுதாளேன்னேன். ‘அவ வேலைக்காரி, நீ வீட்டுக்காரி’ன்னாரு. அவளை வாசலோட நிக்கச் சொன்னாரு. என்னைய வீட்டோட இருக்கச் சொன்னாரு.”

“நாப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டியே!” கத்திவிட்டேன். அம்மாவிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை.

“சோறு வேற. இது வேற.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவருக்கு எங்க தெரியும்? உங்கப்பாவுக்கு உசரம்னா தலைசுத்துல்லா. ஒரு ஏணிப்படி ஏற மாட்டாரு. கீழேருந்துதான் அதிகாரம் எல்லாம்.”

போனை எடுத்து நீட்டினேன். அம்மா அந்த முகத்தை இதுவரை பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரியும், ஆனால் எப்படி இருக்கிறது என்று தெரியாது. விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் கொத்தச் சொல்லிட்டேன்,” என்றேன்.

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நீ அவரு மவ. சொல்லத்தான் செய்வே.”

கீரையை எடுத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு முன்னால்

அப்பாவை எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். என்னைக் கல்லூரிக்கு அனுப்ப உறவு முழுவதையும் பகைத்துக்கொண்டவர் அவர். அந்த முகம் ஒரு காலுக்கு அடியில் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதே சமயம், பேச்சியம்மாள் தன் கையால் உருவம் வைத்த ஒரே ஓர் இடத்தையும் இடிக்கச் சொல்லிவிட்டு வந்தவள் நான். அப்பா அந்த அம்மாவை வாசலில் நிறுத்தினார். நானோ அவர் செய்ததை, அது இருக்கிற இடத்திலிருந்தே எடுத்துப்போடச் சொல்லியிருக்கிறேன். சிரித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, விவரம் தெரியாது. இப்போது அந்தச் சாக்கும் கிடையாது.

ஆறே முக்காலுக்குக் கோயிலில் நின்றேன். வேலாயுதம் உளியோடு இரண்டாவது தட்டில் இருந்தார்.

“கொத்த வேண்டாம்,” என்றேன்.

“அம்மாவும் மறுத்து எதுவும் சொல்லலை டீச்சர். ‘அவங்க அப்பா, அவங்க இஷ்டம்’ன்னுட்டா.”

“வேண்டாம்னு சொல்லுதேன்லா. விரிசலை மட்டும் அடைங்க.”

எட்டு மணிக்குச் சண்முகம் அண்ணாச்சி ஏறினார். கழுத்துக்குப் போனதும் முயலகன் பக்கம் குனிந்தார். “டீச்சர்… இது நம்ம பென்சில் அண்ணாச்சி மாதிரில்லா இருக்கு?”

“மாதிரி இல்ல அண்ணாச்சி. அவரேதான்.”

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சிவ சிவா! மாத்திருவோம் டீச்சர். ஊரு என்ன பேசும்?”

“பேசட்டும். பென்சிலுக்கு மட்டும் சிவப்பு அடிக்கச் சொல்லுங்க.”

அதோடு விடவில்லை. குடமுழுக்கு அன்று யாரும் யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது என்று கமிட்டி நோட்டில் எழுதச் சொன்னேன். “இப்ப யாரு டீச்சர் அதெல்லாம் பாக்கா?” என்றார் அண்ணாச்சி. யாரும் பார்ப்பதில்லை என்றால் எழுதுவதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். எழுதினார். பேனா ரொம்ப மெதுவாக நகர்ந்தது.

வாசலுக்கு எதிரே

குடமுழுக்கு அன்று கூட்டம் நெருக்கியடித்தது. வாசுதேவநல்லூரிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பேச்சியம்மாளை அழைத்து வரச் சொல்லி வேலாயுதத்திடம் நாலு தடவை சொல்லியிருந்தேன். வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினேன்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம், சைக்கிள் கடையை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நரைத்த தலை, வெள்ளைச் சேலை. தோள் மட்டும் அன்று போலவே அகலம். நான் தெருவைக் கடந்து ஓடினேன்.

“உள்ள வாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீ மரக்கடை அய்யா மவதானே?” என்றார். என் கையைப் பிடிக்கவில்லை. “உள்ள வாரதுக்கு வரலை தாயீ. இங்கன நின்னா அந்த மூஞ்சி தெரியாதுன்னு எனக்குத் தெரியும், நான்தான வச்சேன். நீ மேல ஏறிப் பாத்தேன்னு மவன் சொன்னான். உன் வாயால ஒண்ணு கேட்டுட்டுப் போகணும்னு வந்தேன்.”

“கேளுங்க.”

“அவரு இன்னும் அங்கனதான் கெடக்காரா?”

பின்னால் மேளம் உச்சத்துக்குப் போயிற்று. கலசத்தில் தண்ணீர் விழுந்திருக்க வேண்டும், கூட்டம் அரோகரா என்று கத்தியது. எல்லோரும் மேலே பார்த்துக் கை கூப்பினார்கள். பேச்சியம்மாள் மேலே பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்பது என் அப்பாவைப் பற்றி.

“கெடக்காரு,” என்றேன்.

“சரி,” என்று சொல்லிவிட்டு, சேலையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேச்சியம்மாள் கிழக்கே தன் தெருவைப் பார்த்து நடந்தார்.